அருங்காட்சியகம் மூடிய பின் ஒரு கடற்கரை மாலை: சென்னையில் நடத்துவதற்கான வழிகாட்டி

பார்வை நேரம் முடிந்த அருங்காட்சியகத்தை ஒரு மாலைக்கு மட்டும் மீண்டும் திறந்து, இசை, உணவு, உரை, செய்துகாட்டல் ஆகியவற்றை ஒரே பொருளைச் சுற்றி அமைத்து மக்களை அழைப்பது பல நாடுகளில் இன்று வழக்கமாகிவிட்டது. இந்த வழிகாட்டி எடுத்துக்கொள்ளும் பொருள் இரண்டு கரைகள். ஒன்று நமது சோழமண்டலக் கரை. மற்றது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய கரையும் அங்கு வாழும் கேஜுன் மக்களின் பண்பாடும். இத்தகைய மாலையைச் சென்னையில் நடத்த எண்ணும் கல்லூரித் துறைகள், சூழல் குழுக்கள், கலை அமைப்புகள் ஆகியோரை மனத்தில் வைத்து இதனை எழுதுகிறேன்.

முதல் கூட்டத்திலேயே முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வந்தவர்கள் முகமூடி அணிந்து, மணிமாலை போட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பும் கேளிக்கை விருந்தா, அல்லது இரு கரைகளுக்கும் பொதுவான ஒரு சிக்கலை மக்கள் கையால் தொட்டு அறியும் மாலையா? இரண்டையும் ஒருசேரச் செய்யப் பார்த்தால் முதலாவதே வெல்லும். ஆகவே பொதுச் சிக்கலை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, பாட்டையும் சாப்பாட்டையும் அதனோடு பிணைப்பதே சரியான வழி என்பது என் கருத்து.

இரு கரைகளையும் இணைப்பது எது

அந்தப் பொதுச் சிக்கல் மணலும் வண்டலும் ஆகும். மிசிசிப்பி ஆறு பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் உருவான நிலமே தென் லூசியானா. 1927-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பிறகு ஆற்றின் இரு கரைகளிலும் உயரமான அணைகரைகள் முன்னிலும் வலுவாகக் கட்டப்பட்டன. வெள்ளம் ஊருக்குள் வருவது குறைந்தது. அதனோடு வண்டல் சதுப்பு நிலத்தில் பரவுவதும் நின்று, அது நேராக ஆழ்கடலுக்குப் போகத் தொடங்கியது. எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் வெட்டிய கால்வாய்கள் வழியே உப்பு நீர் உள்ளே ஏறியதும், நிலம் தானாகவே அமிழ்ந்துவருவதும் சேர்ந்துகொள்ள, 1932 முதல் 2016 வரை ஏறத்தாழ 4,833 சதுர கிலோமீட்டர் நிலம் நீராகிவிட்டதாக அமெரிக்க நிலவியல் ஆய்வகம் கணக்கிட்டுள்ளது.

சென்னையில் நடந்ததும் இதே குடும்பத்தைச் சேர்ந்த கதைதான். 1870-களில் கட்டத் தொடங்கிய துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள், ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் கரையோர மணலை மறித்தன. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து இல்லாமல் இராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிச் செல்லும் கரை அரிக்கப்பட்டு, இன்று பெரும்பாலும் கருங்கல் குவியல்களாகக் காட்சியளிக்கிறது. மாலையில் மெரினாவின் அகன்ற மணலில் காற்று வாங்குகிறவருக்கு, அந்த மணலில் ஒரு பங்கு வடசென்னைக்குச் சேர வேண்டியது என்று தெரிவதில்லை. இந்த ஒரு செய்தி வந்தவர்களின் மனத்தில் பதிந்தாலே நிகழ்ச்சி பாதி நிறைவேறிவிட்டது எனலாம்.

கேஜுன் மக்கள் யார் என்பதையும் அமைப்பாளர்கள் முதலில் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய கனடாவின் நோவா ஸ்கோசியாப் பகுதியில் குடியிருந்த பிரெஞ்சு மொழி பேசும் அகேடியர்களை 1755 முதல் ஆங்கிலேயர் நாடு கடத்தினர். அவர்களில் பலர் 1760-களில் லூசியானா வந்து சேர்ந்தனர். 1785-இல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் ஏறத்தாழ 1,600 பேர் வந்தனர். சதுப்பு நிலத்திலும் புல்வெளியிலும் குடியேறி, மீன்பிடித்தும் மாடு மேய்த்தும் நெல் பயிரிட்டும் வாழ்ந்த இவர்களின் வழிவந்தோரே கேஜுன்கள். 1921-ஆம் ஆண்டின் மாநில அரசமைப்புச் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தை மட்டுமே பயிற்று மொழியாக்கியது. வகுப்பில் பிரெஞ்சு பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர். 1968-இல் மாநில அரசே பிரெஞ்சு மொழியை வளர்க்க ஓர் அவையை நிறுவியபோது ஒரு தலைமுறைக்கு மொழி ஏற்கெனவே கைநழுவியிருந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரம் கேஜுன் நாட்டின் நடுவிடம் அன்று. அந்த இடம் லாஃபயெட் நகரத்தைச் சுற்றிய தென்மேற்குப் பகுதிக்கு உரியது. லூசியானாவில் பிரெஞ்சு மரபோடு வளர்ந்த கறுப்பின கிரியோல் மக்களின் பண்பாடு கேஜுன் பண்பாட்டோடு பின்னிக் கிடந்தாலும் அது தனியானது. அழைப்பிதழில் நியூ ஆர்லியன்ஸுக்குரிய ஜாஸ் ஊதுகுழலை வரைந்து 'கேஜுன் மாலை' என்று அச்சடிப்பது, மதுரையைப் பற்றிய நிகழ்ச்சிக்குக் கதகளி முகத்தை அட்டைப்படமாக வைப்பதற்குச் சமம்.

இடமும் நாளும்

சென்னையில் இதற்குப் பொருந்தும் இடங்கள் இரண்டு. 1851-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு அருங்காட்சியகம் பொருளோடு நேரடித் தொடர்புடையது. திமிங்கில எலும்புக்கூடு உள்ளிட்ட கடல்வாழ் உயிரினச் சேகரிப்பு அங்கு உண்டு. அதன் கண்காணிப்பாளராக இருந்த எஃப். எச். கிரேவ்லி சென்னைக் கடற்கரையில் ஒதுங்கும் கிளிஞ்சல்களை ஆராய்ந்து எழுதியதை 1940-களின் தொடக்கத்தில் அருங்காட்சியகமே வெளியிட்டது. எழும்பூர் இரயில் நிலையமும் மெட்ரோவும் அருகில் இருப்பதால் இரவு வீடு திரும்புவதும் எளிது. மற்றொன்று முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட, தென்னிந்திய மரபு வீடுகளைக் காட்டும் தட்சிணசித்ரா அருங்காட்சியகம். அங்கே திறந்த முற்றங்களும் மர நிழலும் உண்டு. கோவளம் கழிமுகமும் மீனவர் குடியிருப்பும் அருகிலேயே இருக்கின்றன. இசையும் சமையலும் அங்கே இடைஞ்சலின்றி நடக்கும். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே இரவில் திரும்புவதற்குப் பேருந்து ஏற்பாட்டை நீங்களே செய்ய வேண்டியிருக்கும். காட்சிப் பொருள் முதன்மை எனில் எழும்பூரையும், இசையும் உணவும் முதன்மை எனில் முட்டுக்காட்டையும் தேர்ந்தெடுக்கலாம். எழும்பூருக்கு வெள்ளியும் தட்சிணசித்ராவுக்குச் செவ்வாயும் விடுமுறை என்பதை நாள் குறிக்கும்போது நினைவில் வையுங்கள். விடுமுறை நாளில் நடத்தினால் பார்வையாளர் நெரிசல் இராது. ஆனால் பணியாளர்களுக்கு மாற்று விடுப்பு தர நிர்வாகம் ஒப்ப வேண்டும்.

மாதத்தைப் பொறுத்தவரை பிப்ரவரியே ஏற்றது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, சூரியன் மாலை ஆறேகால் மணியளவில் மறைவதால் வெளிச்சத்தில் தொடங்கி இருட்டில் முடிக்கலாம். நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருவது சனவரி முதல் மார்ச்சு வரை. கேஜுன் மக்களின் பெருவிழாவான மார்டி கிரா, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாயாகிய அந்த நாள், பிப்ரவரி 3-க்கும் மார்ச்சு 9-க்கும் இடையில் வரும். மாசி மகமும் இதே பருவத்தில்தான் வருகிறது. ஆனால் மாசி மகத்தன்றும் அதையொட்டிய நாள்களிலும் நிகழ்ச்சியை வைக்காதீர்கள். கரையோர ஊர்களில் எல்லோரும் கடலாடும் சாமிக்குரிய பணிகளில் இருப்பார்கள், உங்கள் மேடைக்கு வர அவர்களுக்கு நேரம் இராது.

அனுமதிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. எழும்பூர் எனில் அருங்காட்சியகங்கள் துறைக்கு மூன்று மாதம் முன்னதாகவே, எந்தக் கூடம், எத்தனை பேர், எத்தனை மணி வரை, உணவு எங்கே, ஒலிபெருக்கி எங்கே என்று வரைபடத்தோடு எழுதிக் கொடுங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் துறை அனுமதி வேண்டும். எப்படியும் இரவு 10 மணிக்கு மேல் அதைப் பயன்படுத்த இயலாது. சமையல் குழு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு செய்த பாடல்களை ஒலிக்கவிடுவதாயின் உரிமத் தொகை உண்டு. நேரடி இசையே நல்லது என்பதற்கு இது இன்னொரு காரணம். முதல்முறை நடத்துவோர் நூற்றைம்பது பேருக்கு மேல் அழைக்க வேண்டாம்.

கையால் தொட்டு அறியும் மேசைகள்

இந்த மாலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆகவே நேரத்தையும் பணத்தையும் இதற்கே அதிகம் ஒதுக்குங்கள். சுவரில் ஒட்டிய விளக்கப் பலகைகளை மாலை நேரத்தில் யாரும் நின்று படிப்பதில்லை.

முதல் மேசைக்கு ஒரு மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் கொண்ட ஆழங்குறைந்த தகரத் தட்டு ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். அதன் ஒரு முனையை மூன்று விரற்கடை உயர்த்தி, மேல் முக்கால் பங்கில் சலித்த மணலை நிரப்பி, அதில் சிறிது செங்கல் பொடி கலந்துவிட்டால் நகர்வு கண்ணுக்குத் தெரியும். தாழ்ந்த முனையில் நிற்கும் நீரே கடல். மேல் முனையில் ஓட்டையிட்ட பாட்டிலிலிருந்து நீரை மெல்ல விடும்போது, அது தனக்கென ஒரு வாய்க்காலை வெட்டிக்கொண்டு இறங்கி, கடலைத் தொடும் இடத்தில் செந்நிற விசிறியாக விரியும். பார்வையாளர் அந்த விசிறி வளர்வதைப் பார்த்த பிறகு, வாய்க்காலின் இரு புறமும் இரண்டு மர அளவுகோல்களை, விசிறியைக் கடந்து நீருக்குள் நீளுமாறு நட்டு வையுங்கள். நீர் அளவுகோல்களுக்கிடையே வேகமெடுத்து, செங்கல் பொடியை ஆழமான மூலைக்குக் கொண்டு சென்று கொட்டும். பக்கத்து விசிறிக்குப் புது மண் வராது. இப்போது தட்டின் ஓரத்தை இலேசாகத் தட்டி அலை எழுப்பினால், ஊட்டம் நின்ற அந்த விசிறி கண்முன்னே கரையத் தொடங்கும். அணைகரை செய்த நன்மையும் தீமையும் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

இரண்டாம் தட்டில் மணலை நீளவாக்கில் சரிவாகச் சாய்த்து, எதிர்ப் பக்கத்தில் நீர் நிரப்பி, ஒரு சிறு பலகையால் அலையைச் சாய்வாக எழுப்புங்கள். மணல் ஒரே திசையில் ஊர்ந்து போகும். நடுவில் ஓர் அளவுகோலைக் கரைக்குக் குறுக்காகச் செருகினால் ஒரு பக்கம் மேடிட்டு மறுபக்கம் குடைந்துபோகும். மேடிட்ட பக்கத்தில் 'மெரினா' என்றும், குடைந்த பக்கத்தில் 'இராயபுரம்' என்றும் சிறு கொடிகளை நட்டு வைத்தால் வேறு விளக்கம் தேவைப்படாது. இந்த மேசையில் பலகையைக் குழந்தைகளின் கையில் கொடுங்கள். ஆனால் பக்கத்தில் தரை துடைக்க ஒருவரை நிறுத்துங்கள். பயிற்சிக்கு நிகழ்ச்சிக்கு முன்பே பல முறை செய்து பார்த்துக்கொள்வது நல்லது, ஏனெனில் நீரின் வேகம் சிறிது கூடினாலும் விசிறி உருவாகாமல் மணல் முழுவதும் சரிந்துவிடும். மணலைக் கடற்கரையிலிருந்து அள்ளி வராதீர்கள். கடற்கரை அரிப்பைப் பற்றிய நிகழ்ச்சிக்கு அது அழகன்று.

மூன்றாவது ஒரு வரைபடம். ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்ற அளவில் வரைந்தால் லூசியானாவின் கரை முழுவதும் ஒரு மீட்டர் அகலத்திற்குள் அடங்கும். பெருநகர சென்னை மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டர் பரப்பை அதே அளவில் ஒளி ஊடுருவும் தாளில் வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 17 சதுர சென்டிமீட்டர் வரும். இழந்த நிலத்திற்கு ஈடாகப் பதினோரு சென்னைத் துண்டுகளை அடுக்க வேண்டியிருக்கும். வந்தவர்கள் ஒவ்வொரு துண்டாக வைக்கட்டும். எண்ணை வாயால் சொல்வதைவிட, பதினோராவது துண்டை வைக்கும்போது எழும் பேச்சு பயனுள்ளது.

படகுகளுக்கும் ஒரு மேசை வேண்டும். துறைமுகம் வருமுன் சென்னையில் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்த மசூலாப் படகு ஆணியின்றிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டது. அலை அறையும்போது உடையாமல் வளைந்து கொடுத்தது. கேஜுன் மக்களின் பிரோக் என்னும் படகு, தொடக்கத்தில் சைப்ரஸ் மரத்தைக் குடைந்தும் பின்னாளில் பலகையாலும் செய்யப்பட்ட, தட்டையான அடியுடைய சிறு ஓடம்; முழங்கால் அளவு நீரிலும் செல்லும். ஒன்று கொந்தளிக்கும் அலைக்காகவும் மற்றது அசையாத சதுப்பு நீருக்காகவும் பிறந்தவை. சென்னை மாகாண மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் நம் பகுதிப் படகுகளை விரிவாக எழுதி வைத்திருப்பதால், மாதிரி செய்யும் தச்சருக்கு அளவுகள் கிடைக்கும். ஒரு முழம் பலகையில் துளையிட்டுக் கயிறும் கொடுத்து, தையல் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பொறியியல் மாணவர்கள் இந்த மேசையைவிட்டு நகர மாட்டார்கள்.

இதன் அருகில் பனை ஓலைப் பறி ஒன்றை வைக்கலாம். பழவேற்காடு, எண்ணூர்ப் பகுதிகளில் இருளர்கள் நீரில் அமர்ந்து நகர்ந்து, சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும்போது, இந்தப் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். அதைப் பயன்படுத்துகிற ஒருவரே வந்து காட்டினால் அன்றி, வெறும் பொருளாக மேசையில் கிடத்த வேண்டாம் என்பேன்.

யாரை அழைப்பது, எப்படி அழைப்பது

மீனவரைப் பற்றி மற்றவர் பேசும் கூட்டங்கள் நம் ஊரில் ஏராளம். 2015-இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, கலையை மீனவர் வாழும் இடத்திற்கே கொண்டு சென்று ஒரு முன்மாதிரியை வைத்தது. அருங்காட்சியக மாலையில் திசை மாறுகிறது. அவர்கள் நம் கட்டடத்திற்கு வருகிறார்கள். ஆகவே விருந்தினராக அல்ல, பயிற்றுநராக அழைக்க வேண்டும். முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரை நேரில் பார்த்துச் சொல்லுங்கள். தொலைபேசி அழைப்போ அச்சடித்த கடிதமோ அதற்கு ஈடாகாது. பெரியவர்களை ஐயா, அம்மா என்றும், நடுவயதினரை அண்ணன், அக்கா என்றும் விளித்துப் பேசினால், 'வளப்பங்காளர்', 'பயனாளி' போன்ற திட்ட மொழி தானே உதிர்ந்துவிடும். பேராசிரியருக்குத் தரும் மதிப்பூதியத்தையே அவர்களுக்கும் தர வேண்டும், அதுவும் அன்றே, கையில்.

நேரத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. விடியலுக்கு முன் கடலுக்குப் போகிறவரை இரவு ஒன்பது மணி வரை மேடையில் உட்கார வைப்பது முறையன்று. அவர்களின் பகுதியை மாலை ஆறு முதல் ஏழு மணிக்குள் முடித்து, வீடு திரும்ப வண்டியும் ஏற்பாடு செய்யுங்கள். உரை வேண்டாம்; உரையாடல் போதும். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பிரித்தறிவது எப்படி, எந்தக் காற்றில் எந்த மீன் வரும், துறைமுகச் சுவருக்குப் பின் நீரோட்டம் எப்படி மாறியது என்று கேளுங்கள். பழவேற்காட்டிலிருந்து ஒருவர் வந்தால், எந்த வலைக்கு எந்த நாளில் எந்த நீர்ப்பரப்பு என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' முறையைக் கேட்கத் தவறாதீர்கள். மீன் விற்கும் பெண்களை மறந்துவிடுவது வழக்கமான குறை. எந்த மீன் எந்த ஆண்டிலிருந்து வரத்துக் குறைந்தது என்ற கணக்கு பெரும்பாலும் அவர்களிடமே இருக்கிறது.

லூசியானாத் தரப்புக்கு, அங்கிருந்து ஒருவரைக் காணொளி வழியாக அழைக்கலாம். பிப்ரவரியில் அங்குள்ள நேரம் நம்மைவிடப் பதினொன்றரை மணி நேரம் பின்தங்கியது. நமக்கு மாலை ஆறரை எனில் அவர்களுக்குக் காலை ஏழு. இரு கரை மீனவர்களும் இறால் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நடுவில் குறுக்கிடாதீர்கள். அங்குள்ள இறால் படகுக்காரர்களின் பெருங்குறை வெளிநாட்டு இறக்குமதி இறால், அதில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போகும் பண்ணை இறால். அந்தப் பேச்சு சங்கடமானதாக இருக்கலாம். ஆனால் நட்புரை பத்தைவிட அது மேலானது.

இசை

கேஜுன் இசையின் மூன்று தூண்கள் பிடில், பத்துப் பொத்தான்கள் கொண்ட சிறு அக்கார்டியன், இரும்பு முக்கோணம். அந்த முக்கோணத்தைப் பழைய வைக்கோல்வாரியின் பற்களை வளைத்தே செய்தார்கள். 1928-இல் முதல் கேஜுன் இசைத்தட்டு வெளிவந்தது. ஆட்டம் பெரும்பாலும் வால்ட்சும் இரண்டடி ஆட்டமும். சலவைப் பலகையை மார்பில் மாட்டிக்கொண்டு கரண்டியால் உரசும் சைடிகோ, கிரியோல் மக்களின் இசை. கிளிஃப்டன் செனியே அதன் பெருங்கலைஞர். இரண்டையும் இசைப்பதாயின் அறிவிப்பாளர் வேறுபடுத்திச் சொல்ல வேண்டும்.

சென்னையில் வயலின் கலைஞருக்குப் பஞ்சமில்லை. தேவாலய இசைக்குழுக்களிலும் திரையிசைக் குழுக்களிலும் அக்கார்டியன் வாசிப்போர் உள்ளனர். ஆனால் அவர்களிடம் பியானோ அக்கார்டியன்தான் இருக்கும். பொத்தான் அக்கார்டியனின் துள்ளலுக்காகச் சுரங்களை நீட்டாமல் வெட்டி வெட்டி வாசிக்கச் சொல்லுங்கள். பழைய கேஜுன் முறையில் இரண்டு பிடில்கள் சேரும்போது ஒன்று மெட்டை வாசிக்க, மற்றது தாழ்ந்த தந்திகளில் தாளத்தைத் தாங்கும். கருநாடக இசை பயின்ற இருவர் சில ஒத்திகைகளில் இதைப் பிடித்துவிடுவார்கள். கமகம் சேர்க்காமல் தடுப்பதுதான் கடினம். நம் பக்கத்திலிருந்து அம்பாப் பாட்டு வர வேண்டும். வலை இழுக்கும்போதும் துடுப்பு வலிக்கும்போதும் ஒருவர் எடுத்துக் கொடுக்கப் பலர் திரும்பப் பாடும் அந்தப் பாட்டை, மேடையில் நிறுத்திப் பாடச் சொன்னால் தட்டையாகிவிடும். முற்றத்தின் நடுவில் நீண்ட கயிறு ஒன்றைப் போட்டு, பார்வையாளரையும் சேர்த்து இழுக்கவிட்டுப் பாடச் செய்யுங்கள். பாட்டின் வேகம் ஏன் அப்படி இருக்கிறது என்பது தோளுக்குப் புரியும். பிறகு அரை மணி நேரம் இரண்டடி ஆட்டம் கற்றுக்கொடுக்கலாம்.

ஒலிபெருக்கிகளைக் கண்ணாடிப் பேழைகள் உள்ள கூடத்தின் சுவரை நோக்கித் திருப்பாதீர்கள். தாழ்ந்த ஒலியின் அதிர்வு தாங்கியில் நிற்கும் பொருளை அசைக்கும். இசையை வெளியிலேயே வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நிம்மதி.

உணவு

காட்சிக் கூடத்திற்குள் ஒரு தேநீர்க் கோப்பைகூடச் செல்லக் கூடாது. சிந்திய உணவு பூச்சியை அழைக்கும். பாடம் செய்த விலங்குகளுக்கும் துணிகளுக்கும் பூச்சியே முதல் எதிரி. அடுப்பும் பரிமாறலும் திறந்தவெளியில், புகை கூடத்தின் பக்கம் வீசாத புறத்தில் இருக்கட்டும்.

கேஜுன் சமையலில் கம்போ என்னும் கெட்டியான குழம்பைச் செய்துகாட்டுவதே சாலச் சிறந்தது, ஏனெனில் அதன் உறுப்புகள் பெரும்பாலும் நம் சமையலறையிலேயே இருக்கின்றன: வெண்டைக்காய், இறால், நண்டு, அரிசி. ஐம்பது சிறு கிண்ணங்களுக்கு இரண்டு கப் மைதாவும் இரண்டு கப் எண்ணெயும் அடிகனமான சட்டியில் சேர்த்து, மிதமான தீயில் கை நிறுத்தாமல் கிளற வேண்டும். வெண்மை மாறி, வேர்க்கடலை நிறமாகி, முக்கால் மணி நேரத்தில் சாக்லேட் நிறம் வரும். ரூ எனப்படும் இந்த விழுதில் கரும்புள்ளி தென்பட்டால் அது தீய்ந்துவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதைத் தவிர வழியில்லை. நிறம் வந்ததும் பொடியாக நறுக்கிய வெங்காயம், செலரித் தண்டு, குடைமிளகாய் மூன்றையும் போட்டால் சூடு தணிந்து, மணம் எழும். இந்த மூன்றின் கூட்டணியை அங்கே 'புனித மூவர்' என்பார்கள். பிறகு இறால் தலைகளை வேகவைத்து வடிகட்டிய நீர் ஐந்து அல்லது ஆறு லிட்டர், தனியே வதக்கிப் பசை போக்கிய வெண்டைக்காய், பூண்டு, பிரிஞ்சி இலை, மிளகாய்த்தூள் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, இறக்குவதற்கு ஐந்து நிமிடத்திற்கு முன் இறாலைச் சேர்க்கலாம். சோற்றின் மேல் ஊற்றிப் பரிமாறுங்கள். நம் சமையற்காரர் கறிவேப்பிலையை நோக்கிக் கை நீட்டுவார். அன்று ஒரு நாள் தடுத்துவிடுங்கள். சைவம் உண்போருக்குப் பல கீரைகளைச் சேர்த்துச் செய்யும் கம்போவும் லூசியானாவில் உண்டு. அதை வேறு சட்டியில், வேறு கரண்டியோடு செய்ய வேண்டும். இறால், நண்டு போன்ற ஓட்டுடலிகள் ஒவ்வாதவர்களுக்கான அறிவிப்பைப் பெரிய எழுத்தில் வைப்பது கட்டாயம்.

பக்கத்து அடுப்பில் நம் நெத்திலிக் குழம்பு கொதிக்கட்டும். வஞ்சிரத்தையும் சுறாப்புட்டையும் இந்த மாலையில் தவிர்த்து, நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி போன்ற விரைவில் பெருகும் சிறு மீன்களையே பரிமாறுங்கள். லூசியானாவில் நெல் வயலிலேயே வளர்க்கும், கிராஃபிஷ் எனப்படும் சேற்று இறாலைச் சில வண்ணமீன் கடைகளில் உயிரோடு வாங்கிவிடலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். அது தப்பிச் சென்று நம் நீர்நிலைகளில் பெருகினால் உள்ளூர் உயிரினங்களைத் தின்று தீர்த்துவிடும். பல நாடுகளில் அது பெருந்தொல்லையாகியிருக்கிறது.

ஒளியும் குப்பையும்

மார்டி கிரா என்றதும் பிளாஸ்டிக் மணிமாலையை வாங்கும் எண்ணம் வரும். 2018-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் ஒரே சாலையில் ஐந்து சதுக்க நீளத்திற்கு மழைநீர் வடிகாலைத் துப்புரவு செய்தபோது ஏறத்தாழ 42 டன் மணிமாலைகள் கிடைத்தன. மழைநீர் வடிகால் அடைப்பைப் பற்றிச் சென்னைக்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அலங்காரம் வேண்டுமெனில் சிற்றூர்களின் வழக்கத்தைப் பின்பற்றுங்கள்: அங்கே முகமூடியும் கூம்புத் தொப்பியும் கந்தல் துணியால் தைத்த உடையும் அணிந்த கூட்டம் வீடு வீடாகச் சென்று, ஆடிப் பாடி, கம்போவுக்கான பொருள்களைக் கேட்டு வாங்கும். தையற்கடைத் துண்டுத் துணிகளைக் கொண்டு குழந்தைகள் தொப்பி தைக்கும் மேசை ஒன்று போதும். தமிழ்நாட்டில் 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் பாக்குமட்டைத் தொன்னையும் எவர்சில்வர் தம்ளருமே சரி.

கிளிஞ்சல் கைவினைக் கடைக்கு இடம் தராதீர்கள். பவளப்பாறைகளும் சில வகைச் சங்கு சிப்பிகளும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவதால், அறியாமல் வாங்குவோரும் விற்போரும் சிக்கலில் மாட்டுவார்கள். பழந்துணிகள், ஓவியங்கள் உள்ள கூடங்களைத் திறப்பதாயின் காட்சியகப் பொறுப்பாளர் சொல்லும் ஒளி அளவைத் தாண்டக் கூடாது. ஃபிளாஷ் ஒளியில் படம் எடுப்பதையும் தடுக்க வேண்டும்.

நிகழ்ச்சிக்குப் பிறகு ஆமை நடைக்குப் போகலாம் என்று சிலர் கேட்பார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் சென்னைக் கரையில் இரவு நடை செல்கின்றனர்; அவர்களோடு பதிவு செய்துகொண்டு சிறு குழுவாகப் போவதே முறை. நூறு பேர் கைப்பேசி விளக்கோடு மணலில் இறங்கினால் கரையேறும் ஆமை திரும்பிவிடும். கடலின் மங்கிய ஒளியை நோக்கி ஓட வேண்டிய குஞ்சுகள் தெருவிளக்கை நோக்கி ஓடி மாண்டுபோவதும் இதனால்தான். பின்னொரு நாளுக்கு அவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்புங்கள்.

மறுநாள் செய்ய வேண்டியவை: புல்வெளியில் எண்ணெய் சிந்திய இடத்தைக் கழுவுதல், கூடங்களை அருங்காட்சியகப் பணியாளரோடு சுற்றிப் பார்த்துப் பூச்சி, ஈரம், கீறல் இல்லை என்று கையெழுத்துப் பெறுதல், கணக்கை முடித்தல். மீனவர்கள் பேசியதையும் பாடியதையும் பதிவு செய்திருந்தால், அவர்களின் ஒப்புதலோடு ஒரு படி அருங்காட்சியக ஆவணத்திற்கும் ஒரு படி ஊர்ப் பஞ்சாயத்துக்கும் சேர வேண்டும். ஊருக்குத் தரும் படியைப் பத்து நாளுக்குள் நேரில் சென்று கொடுத்துவிடுங்கள்.